சிறையிலிருந்து திரும்பிய தந்தையும் பிள்ளையின் உரிமையும்

போரும் இடப்பெயர்வும் எமது குடும்பங்களிலிருந்து கொண்டுபோனவை வயலும் வீடும் மாடுகளும் மட்டுமல்ல. பல வீடுகளின் தகப்பன்மாரையும் கொண்டுபோயின. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் ஒருவரை வழக்கில்லாமலே 18 மாதம் வரை தடுத்துவைக்க இடங்கொடுத்தது. 2022ஆம் ஆண்டிலேதான் அக்காலம் 12 மாதமாகக் குறைக்கப்பட்டது. வழக்கு வந்த பின்னரும் விளக்கமறியலிலே வருடங்களைக் கழித்தோர் பலர். 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிந்தபோது ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வு நிலையங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். இவற்றோடு எவ்விதத் தொடர்புமின்றி, அடிதடி வழக்கிலும் கசிப்பு வழக்கிலும் மறியலுக்குப் போனவர்களும் உண்டு.

இவர்களிற் பலர் திரும்பி வந்துவிட்டார்கள். ஆனால் விட்டுச்சென்ற குடும்பம் விட்ட இடத்தில் இருப்பதில்லை. மனைவி இரண்டு மூன்று முகாம்கள் மாறியிருப்பாள். வயிற்றிலிருந்த பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு வந்திருக்கும். சில இடங்களில் அந்தப் பிள்ளை வேறொருவரை “அப்பா” என்று அழைக்கும். அப்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. ஒன்று, “இந்தப் பிள்ளை என்னுடையதுதானா?” மற்றையது, “என்னுடைய பிள்ளையை எனக்கு ஏன் தரமாட்டீர்கள்?”

இவ்விரு கேள்விகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதாலேயே பெரும்பாலான சண்டைகள் வருகின்றன. ஒரு பிள்ளையைப் பெற்றவர் யார் என்பது இரத்தம் சம்பந்தப்பட்ட விடயம். சட்டத்தின் முன் தந்தை யார் என்பது திருமணத்தோடும் பதிவோடும் சம்பந்தப்பட்டது. பிள்ளை யாரோடு வாழவேண்டும் என்பது அதன் நன்மையைப் பொறுத்தது. இம்மூன்றுக்கும் விடை எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. ஆதலால் ஒவ்வொன்றையும் தனித்தனியே நோக்குவோம்.

ஊர் சொல்லும் நாட்கணக்கு

தகப்பன் பிடிபட்ட பின்னர் பிறந்த பிள்ளை என்றால் ஊரார் விரல்விட்டு எண்ணத் தொடங்குவார்கள். எண்ணுவதிலே தவறு நேர்வதும் அதிகம்.

“பத்து மாதம்” என்று நாம் சொல்வது 28 நாட்களைக் கொண்ட மாதங்கள். பத்தையும் பெருக்கினால் 280 நாட்கள் வரும். இந்த 280 நாட்களும் கரு உண்டான நாளிலிருந்து எண்ணப்படுவன அல்ல; தாய்க்குக் கடைசியாக மாதவிலக்கு வந்த முதல் நாளிலிருந்து எண்ணப்படுவன. கரு உண்டாவது அதற்கு ஏறக்குறைய இரண்டு கிழமைகளின் பின்னர். ஆகவே கரு உண்டான நாளிலிருந்து பிறப்பு வரை சராசரி 266 நாட்கள். சுகமான பிள்ளைகளே இதற்கு மூன்று கிழமை முந்தியும் பிறக்கின்றன. இரண்டு கிழமை பிந்தியும் பிறக்கின்றன.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவர் யூன் மாதம் 1ஆம் திகதி பிடிபடுகிறார். அடுத்த பெப்ரவரி 10ஆம் திகதி பிள்ளை பிறக்கிறது. இடையிலுள்ளவை 254 நாட்கள். நிறைமாதப் பிள்ளையானால், தகப்பன் பிடிபடுவதற்குப் பன்னிரண்டு நாட்களுக்கு முன்னரளவில் கரு உண்டாகியிருக்கும். தாய்க்கே அப்போது அது தெரிந்திருக்காது. “போகும்போது அவள் ஒன்றும் சொல்லவில்லையே” என்று தகப்பன் சந்தேகிப்பதற்கு இங்கே இடமேயில்லை.

இதற்கு எழுத்திலுள்ள சாட்சியும் உண்டு. குடும்ப நல உத்தியோகத்தர் எழுதிக்கொடுக்கும் கர்ப்பவதி அட்டையிலே கடைசி மாதவிலக்குத் திகதியும் பிள்ளை பிறக்கக்கூடிய திகதியும் இருக்கும். பிறந்தபோது பிள்ளையின் நிறை எவ்வளவு, நிறைமாதமா குறைமாதமா என்பவை பிள்ளையின் சுகாதார அட்டையிலே இருக்கும். ஊர்வாயை விட இந்த அட்டைகள் நம்பத்தக்கவை. அவற்றை எறிந்துவிடாதீர்கள்.

சட்டம் யாரைத் தந்தை என்கிறது?

எமது நாட்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் 1895ஆம் ஆண்டுக்குரியது. அதன் 112ஆம் பிரிவு இதுபற்றிக் கூறுகிறது. செல்லுபடியான திருமணம் நிலைத்திருக்கும்போது பிறந்த பிள்ளை அக்கணவனின் பிள்ளையே. திருமணம் முடிவுற்று 280 நாட்களுக்குள், தாய் மறுமணம் செய்யாதிருக்கையில் பிறந்த பிள்ளைக்கும் இதுவே விதி. சட்டம் இதனை முடிவான சான்றாகக் கொள்கிறது. கருத்தரித்திருக்கக்கூடிய காலத்தில் கணவனுக்கும் மனைவிக்கும் கூடியிருக்க வாய்ப்பே இருக்கவில்லை என்றோ, கணவன் ஆண்மையற்றவன் என்றோ காட்டினால் மட்டுமே இதனை மாற்றலாம்.

இவ்விதியின் நோக்கம் பிள்ளையைப் பாதுகாப்பது. கோபத்திலும் குடிவெறியிலும் ஒரு தகப்பன் “இது என் பிள்ளையில்லை” என்று சொன்னால் உடனே பிள்ளை தகப்பனில்லாப் பிள்ளையாகிவிடுவதில்லை. மனைவியோடு மனக்கசப்பாகிப் பிரிந்து வாழ்ந்தாலும், ஒரே ஊரில் இருந்து போக்குவரத்து இருந்திருந்தால் வாய்ப்பில்லை என்று சொல்ல முடியாது.

ஆனால் சிறைச்சாலை அப்படியானதல்ல. கம்பி வலைக்கு அப்பாலிருந்து, காவலர் பார்த்திருக்கப் பேசிவிட்டு வருவதை யாரும் கூடியிருத்தல் என்று சொல்லமாட்டார்கள். எனவே ஒருவர் எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை உள்ளே இருந்தார் என்பதே இவ்வழக்குகளிற் பிரதான விடயமாகிறது. அத்திகதி தகப்பனுக்குச் சார்பாகவும் அமையலாம், தாய்க்குச் சார்பாகவும் அமையலாம். மேலே காட்டிய உதாரணத்தில் அது தாயின் மானத்தைக் காக்கிறது. பிடிபட்டு ஒரு வருடத்துக்குப் பின்னர் பிறந்த பிள்ளையாயின் அது வேறு கதை சொல்லும்.

ஆதலால் தடுப்புக்காவல் கட்டளை, நீதிமன்றப் பதிவு, சிறைச்சாலையில் கொடுத்த விடுதலைக் கடிதம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துவது அவசியம். சர்வதேச செஞ்சிலுவைக் குழு 1989ஆம் ஆண்டு தொடக்கம் இலங்கையிலே பணியாற்றி, தடுத்துவைக்கப்பட்டோரைச் சந்தித்துப் பதிந்து வந்தது. அவ்வாறு சந்திக்கப்பட்டோருக்குத் தடுப்பிலிருந்த காலத்தை உறுதிப்படுத்தும் கடிதமும் வழங்கியது. அக்கடிதங்கள் பல வீடுகளிலே இன்னும் இருக்கின்றன.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். சிறையிலிருந்த காலத்தில் மனைவிக்குப் பிள்ளை பிறந்தது என்றவுடன் அவள்மேற் பழி சுமத்துவது எளிது. முகாம்களிலும் பாதைகளிலும் பெண்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். எல்லாப் பிள்ளைகளும் தாயின் விருப்பத்தோடு உண்டானவையல்ல. எந்தப் பிள்ளையும் தன் விருப்பத்தோடு உண்டானதுமல்ல.

பதியப்படாத திருமணங்கள்

இடப்பெயர்வுக் காலத்தில் பதிவாளரைத் தேடிப் போக முடியாமல், கோயிலிலோ வீட்டிலோ தாலி கட்டி வாழத் தொடங்கியோர் பலர். “பதிவில்லை, ஆகவே இது திருமணமில்லை” என்று அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. இது முழுச் சரியன்று. பதிவு திருமணத்துக்கு மிகச் சிறந்த சான்று என்பதே சட்டம். பதிவில்லை என்ற ஒரே காரணத்தால் வழமைப்படி நடந்த திருமணம் இல்லாமற் போய்விடுவதில்லை. சடங்கு நடந்ததைக் கண்டோர், கணவன் மனைவியாக ஊரறிய வாழ்ந்ததை அறிந்தோர் ஆகியோரின் சாட்சியத்தை நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. எனினும் சாட்சிகள் இறந்தும் வெளிநாடு போயும் விடுகிறார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்திருப்போர் இன்றே போய்ப் பதிந்துகொள்வது நல்லது. முஸ்லிம் குடும்பங்களின் திருமணம், விவாகரத்து ஆகியன தனியான சட்டத்தின்படி காதி நீதிமன்றங்களுக்குரியவை.

இரத்த வகை அட்டையால் வந்த சண்டைகள்

வைத்தியசாலையிலே இரத்த வகை எழுதிக் கொடுத்த அட்டையை வைத்துக்கொண்டு, “எனக்கு ஓ, பிள்ளைக்கு பீ. இது எப்படி என் பிள்ளை?” என்று கேட்போர் உளர். இதற்கு விளக்கம் தேவை.

இரத்த வகைகளை வியன்னா நகரிலே கார்ல் லாண்ட்ஸ்டைனர் என்ற மருத்துவர் 1901ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினார். ஏ, பீ, ஏபீ, ஓ என்ற வகைகளைப் பிள்ளை தாயிடமிருந்து ஒரு பாதியும் தந்தையிடமிருந்து மறு பாதியுமாகப் பெறுகிறது. தகப்பன் ஓ வகை, பிள்ளை பீ வகை என்றால், தாய் பீ அல்லது ஏபீ வகையாக இருந்தாற் போதும். அதிலே புதினம் எதுவுமில்லை. தகப்பன் ஏ, தாய் பீ என்றால் பிள்ளைக்கு நான்கு வகைகளில் எதுவும் வரலாம். இருவருக்கும் இல்லாத ஓ வகைகூட வரலாம். பெற்றோர் இருவரும் பொசிட்டிவ் ஆக இருக்கப் பிள்ளை நெகட்டிவ் ஆவதும் இயல்பே.

சில சேர்க்கைகள் மட்டுமே பொருந்தாதவை. தாய் ஓ, பிள்ளை ஏ என்றால் தந்தை ஏ அல்லது ஏபீ ஆக இருக்கவேண்டும். ஓ வகைத் தந்தைக்கு ஏபீ வகைப் பிள்ளை பிறப்பதில்லை. இதிலும் மிக அபூர்வமான விதிவிலக்குகள் உண்டு. அட்டை எழுதுவதிலே பிழைகளும் நேர்வதுண்டு.

இரத்த வகை “இவர் தந்தையல்ல” என்று சில வேளைகளிற் சொல்லும். “இவர்தான் தந்தை” என்று ஒருபோதும் சொல்லாது. ஒரே வகை இரத்தமுள்ளவர்கள் ஒரு கிராமத்திலேயே நூற்றுக்கணக்கில் இருப்பார்களல்லவா?

மரபணுப் பரிசோதனை

இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெப்ரிஸ் என்ற விஞ்ஞானி 1984ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஒவ்வொருவரின் மரபணுவிலும் விரலடையாளம் போன்ற வேறுபாடு இருப்பதைக் கண்டார். அடுத்த வருடமே அது ஒரு குடும்பத்துக்கு உதவியது. கானா நாட்டிலிருந்து பிரித்தானியாவுக்கு வந்த சிறுவன் ஒருவனை, அவன் அத்தாயின் மகனல்ல என்று சொல்லி அதிகாரிகள் திருப்பி அனுப்ப முயன்றனர். அவன் அவளுடைய மகனே என்று பரிசோதனை காட்டியது.

இப்பரிசோதனை நடைபெறும் விதம் கடினமானதல்ல. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சினால் துடைத்தெடுப்பார்கள். அல்லது சிறிதளவு இரத்தம் எடுப்பார்கள். தாய், பிள்ளை, தந்தை எனப்படுபவர் ஆகிய மூவரின் மரபணுக்களையும் பதினைந்துக்கும் மேற்பட்ட இடங்களில் ஒப்பிடுவார்கள். பிள்ளையிடமுள்ளவற்றிலே தாயிடமிருந்து வராதது தந்தையிடமிருந்தே வந்திருக்கவேண்டும். ஓரிடத்தில் பொருந்தாவிட்டால் அதை மட்டும் வைத்து முடிவு சொல்லமாட்டார்கள். பல இடங்களில் பொருந்தாவிட்டால் அவர் தந்தையல்ல. எல்லா இடங்களிலும் பொருந்தினால் 99.9 வீதத்துக்கும் மேற்பட்ட உறுதியோடு அவரே தந்தை என்பார்கள். சந்தேகம் ஒரு சகோதரனின் மீது இருந்தால் அதை முன்கூட்டியே ஆய்வுகூடத்துக்குச் சொல்லவேண்டும். உடன்பிறந்தோரின் மரபணுக்கள் பெருமளவு ஒத்திருப்பதே காரணம்.

எமது நாட்டு மக்கள் இதனைப் பரவலாக அறிந்தது கல்முனையிலேதான். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதிய கடற்கோளின் பின், கண்டெடுக்கப்பட்ட ஆண் குழந்தை ஒன்று கல்முனை வைத்தியசாலையில் 81ஆம் இலக்க நோயாளியாகப் பதியப்பட்டது. பல குடும்பங்கள் உரிமை கோரியதாகச் செய்திகள் பரவின. பிள்ளையின் பெற்றோர் தாமே என்று நீதிமன்றம் வந்த தம்பதியரின் பத்திரங்கள் யாவும் கடலோடு போய்விட்டன. நீதிமன்றம் மரபணுப் பரிசோதனைக்குக் கட்டளையிட்டது. 2005 பெப்ரவரியில் முடிவு வந்து பிள்ளை பெற்றோரிடம் சேர்ந்தது. கடதாசி இல்லாதோருக்கு இப்பரிசோதனை எவ்வளவு பெரிய துணை என்பதற்கு அது ஒரு சாட்சி.

தந்தை இறந்துவிட்டாலும் காணாமற்போனாலும் வழியுண்டு. ஆர்ஜென்டீனாவில் 1976 முதல் 1983 வரை நடந்த இராணுவ ஆட்சியில் சிறைபிடிக்கப்பட்டு மறைந்துபோனோரின் குழந்தைகள் வேற்றுக் குடும்பங்களுக்குக் கொடுக்கப்பட்டனர். அக்குழந்தைகளின் பாட்டிமார் 1977இல் ஒன்றுகூடினர். பெற்றோர் இல்லாமலே பாட்டன் பாட்டியின் இரத்தத்தைக் கொண்டு பேரப்பிள்ளையை அடையாளங்காண முடியுமா என்று விஞ்ஞானிகளைக் கேட்டனர். முடியும் என்று அமெரிக்காவின் மேரி கிளயர் கிங்கும் ஏனையோரும் காட்டினர். 1987இல் அந்நாட்டிலே தேசிய மரபணு வங்கி சட்டப்படி அமைந்தது. இதுவரை 130க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகளின் அடையாளம் மீட்கப்பட்டிருக்கிறது.

பரிசோதனைக்கு முன் யோசிக்கவேண்டியவை

இவ்வளவு நல்ல கருவியாயின் சந்தேகம் வந்தவுடன் எல்லோரும் செய்துவிடலாமே என்று கேட்கலாம். இங்கேதான் நிதானம் வேண்டும்.

எமது சான்றுச் சட்டத்தின் 112ஆம் பிரிவு இந்தியாவின் 1872ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பின்பற்றியது. ஆகவே இந்திய நீதிமன்றங்களின் அனுபவம் எமக்கும் பயன்படும். மேற்கு வங்காளத்திலிருந்து வந்த ஒரு வழக்கிலே, தாபரிப்புப் பணம் கொடுக்க மறுத்த கணவன் ஒருவன் இரத்தப் பரிசோதனை கேட்டான். 1993ஆம் ஆண்டில் இந்திய உயர் நீதிமன்றமாகிய சுப்ரீம் கோர்ட் மறுத்துவிட்டது. கேட்டவுடன் பரிசோதனைக்குக் கட்டளையிடலாகாது. கூடியிருக்க வாய்ப்பில்லை என்பதற்கு வலுவான காரணம் காட்டவேண்டும். பிள்ளைக்கும் தாய்க்கும் வரக்கூடிய பழியை நீதிமன்றம் எண்ணிப்பார்க்கவேண்டும். இரத்தம் கொடுக்கும்படி யாரையும் வற்புறுத்த முடியாது என்றது. 2014ஆம் ஆண்டு வேறொரு வழக்கிலோ, முறைப்படி நடந்த பரிசோதனை அவர் தந்தையல்ல என்று காட்டியபோது, அறிந்துவிட்ட உண்மைக்கு முன் சட்டத்தின் அனுமானம் நிற்கமாட்டாது என்று அதே நீதிமன்றம் கூறியது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பாடம் தெரிகிறது. பரிசோதனையின் வாசலிலே நீதிமன்றம் தயங்குகிறது. உள்ளே போய் உண்மை வெளிவந்தபின் அதனை மறைக்க யாராலும் முடிவதில்லை. குடும்பமும் அப்படியே. கோபத்திலே கேட்ட பரிசோதனையின் முடிவைச் சாந்தமானபின் திருப்பிக் கொடுக்க முடியாது. “பிள்ளை உங்களுடையதே” என்ற முடிவு வந்தாலும், தன்னைத் தகப்பன் சந்தேகித்தார் என்பதைப் பிள்ளை ஒரு நாள் அறியும். “இல்லை” என்று வந்தால், ஏழு வருடம் தூக்கி வளர்த்த கை என்ன செய்யப்போகிறது? இக்கேள்விக்கு முதலிலே விடை கண்டுவிட்டே ஆய்வுகூடத்துக்குப் போகவேண்டும்.

பரிசோதனை அவசியமானால் முறையாகச் செய்யவேண்டும். தாய்க்குத் தெரியாமல் பிள்ளையின் தலைமயிரை எடுத்துக்கொண்டு போய்ச் செய்வது நீதிமன்றத்தில் பயன்படாது. கொடுத்தவர் யார் என்பதற்கே சாட்சியில்லையல்லவா? வழக்கு நடக்கும் நீதிமன்றத்தின் ஊடாக, மூவரின் அடையாளமும் உறுதிப்படுத்தப்பட்டு, மாதிரிகள் முத்திரையிடப்பட்டு அனுப்பப்படவேண்டும்.

மணமாகாத பெற்றோரின் பிள்ளை

பெற்றோர் மணம் முடிக்கவில்லையாயின் நிலைமை வேறு. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, தாயும் தந்தையும் சேர்ந்து கேட்டுக் கையொப்பமிட்டால், அல்லது நீதிமன்றக் கட்டளை இருந்தால் மட்டுமே தந்தையின் பெயர் பதியப்படும். தந்தை மறியலிலே இருந்தால் கையொப்பமிட வரமுடியாது. அதனாலேயே பல பிள்ளைகளின் சான்றிதழில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. தந்தை திரும்பி வந்து பிள்ளையை ஏற்றுக்கொள்ள முன்வந்தால், பிரதேச செயலகத்திலுள்ள பதிவாளரிடம் இருவரும் போய் விசாரிக்கலாம். பெற்றோர் பின்னர் மணம் முடிப்பதும் பிள்ளையின் நிலையை உயர்த்தும்.

செலவுக்குக் கொடுக்கும் கடமைக்கு மணம் தேவையில்லை. 1889ஆம் ஆண்டின் பழைய கட்டளைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம், வசதியுள்ள பெற்றோர் மணவுறவிற் பிறவாத பிள்ளையையும் தாபரிக்கவேண்டும் என்கிறது. 18 வயதின் பின்னும் தன்னைத் தாபரிக்க இயலாத பிள்ளை 25 வயது வரை கோரலாம். வழக்கு நீதவான் நீதிமன்றத்துக்குரியது. தந்தை யார் என்பதை நீதவான் திருப்திப்படும்படி வலுவான சான்றால் நிரூபிக்கவேண்டும். மரபணுப் பரிசோதனை இங்கேதான் அதிகம் உதவுகிறது. கடிதங்கள், அனுப்பிய பணத்தின் பற்றுச்சீட்டுகள், மறியலுக்குப் போய்ப் பார்த்த பதிவுகள் ஆகியவையும் உதவும்.

ஆனால் செலவுக்குக் கொடுப்பவர் யாவரும் பிள்ளையை வைத்திருக்கும் உரிமையுடையவர் அல்லர். எமது நாட்டிலே வழங்கும் உரோம டச்சுச் சட்டத்தின்படி மணவுறவிற் பிறவாத பிள்ளையின் பொறுப்பும் காவலும் தாய்க்கே உரியவை. காணி விடயத்திலும் இதைக் கவனிக்கவேண்டும். தந்தை மரண சாசனம் எழுதாமல் இறந்தால், அப்பிள்ளை தாயின் ஆதனத்துக்கு உரித்தாளியாகுமேயன்றித் தந்தையின் ஆதனத்துக்கு ஆகாது. பிள்ளையை ஏற்றுக்கொண்ட தகப்பன் காணியிலே ஒரு துண்டு கொடுக்க விரும்பினால், வாய்ச்சொல்லோடு விடாமல் நொத்தாரிசைக் கொண்டு உறுதி எழுதுவிக்கவேண்டும்.

மறியல் தகப்பனின் உரிமையை அழிக்கிறதா?

மணவுறவிற் பிறந்த பிள்ளைக்குத் தந்தை இயற்கைப் பாதுகாவலர். சிறைக்குப் போனதனால் மட்டும் அந்த உறவு அறுவதில்லை. எனினும் “நான் தகப்பன், ஆகவே பிள்ளையைத் தா” என்பது நீதிமன்றத்தில் இறுதிச் சொல்லாகாது. பிள்ளையின் நன்மை எது என்பதே இறுதிக் கேள்வி. சிறு பிள்ளைகளைப் பெரும்பாலும் தாயிடமே விடுவார்கள். வளர்ந்த பிள்ளையாயின் அதன் விருப்பத்தையும் கேட்பார்கள். எந்தக் குற்றத்துக்காகத் தகப்பன் சிறை சென்றார் என்பதையும் பார்ப்பார்கள். பிள்ளைக்கோ தாய்க்கோ கொடுமை செய்தவராயின் அது அவருக்கு எதிராக நிற்கும். அத்தகைய வீட்டிலே தாய்க்கு 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். அரசியற் சந்தேகத்திலே பிடித்து, பின்னர் குற்றமில்லை என்று விடப்பட்டவரை அதே தராசில் நிறுப்பது நியாயமன்று.

பிள்ளையைத் தன்னோடு வைத்திருக்கும் உரிமை கிடையாவிடினும், வந்து பார்க்கும் உரிமை கிடைக்கலாம். இலங்கை 1991ஆம் ஆண்டு யூலையில் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் பற்றிய சமவாயம், இயன்றவரை தன் பெற்றோரை அறியவும் அவர்களால் பராமரிக்கப்படவும் பிள்ளைக்கு உரிமை உண்டு என்கிறது. பிரிந்து வாழும் பெற்றோருடன் ஒழுங்காகத் தொடர்பு வைத்திருக்கவும் உரிமை உண்டு. அது பிள்ளையின் நன்மைக்கு மாறானால் மட்டும் இல்லை. இவை தகப்பனின் உரிமைகளாக எழுதப்படவில்லை, பிள்ளையின் உரிமைகளாகவே எழுதப்பட்டுள்ளன. பிள்ளையைப் பொருளாக எண்ணி வழக்காடுவோர் இதனை மனத்திற் கொள்ளவேண்டும்.

திரும்பி வரும் தகப்பன் ஒரே நாளில் தகப்பனாகிவிட முடியாது. பள்ளிக்கூட வாசலிலே நின்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவது, பொலிசாரோடு வந்து இழுப்பது போன்றவை பிள்ளையின் மனத்தில் ஆறாத காயத்தை உண்டாக்கும். வழக்கிலும் அவருக்குப் பாதகமாகும். முதலில் அம்மம்மா வீட்டிலோ நம்பிக்கையான பெரியவர் ஒருவர் முன்னிலையிலோ சிறிது நேரம் சந்திக்கட்டும். பிள்ளை “மாமா” என்று அழைத்தாலும் பொறுத்துக்கொள்ளட்டும். வளர்த்தவரைப் பிள்ளையின் முன் ஏசாதிருக்கட்டும். தோட்ட வருமானத்திலே சிறிதளவேனும் மாதந்தோறும் பிள்ளைக்குக் கொடுத்து, பற்றுச்சீட்டும் வாங்கி வைக்கட்டும்.

தாய்மாரும் அவர்களின் உறவினரும் ஒன்றைச் செய்யாதிருக்கவேண்டும். உயிரோடிருக்கும் தகப்பனை இறந்துவிட்டார் என்று பிள்ளைக்குச் சொல்லக்கூடாது. பிள்ளை பத்து வயதில் அறியாவிட்டாலும் இருபது வயதில், கலியாணப் பதிவின்போதேனும் அறியும். அப்போது அது தகப்பனோடு தாயையும் நம்பாது போய்விடும்.

செய்யவேண்டியவை

1. பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், கர்ப்பவதி அட்டை, பிள்ளையின் சுகாதார அட்டை, தடுப்பு மற்றும் விடுதலைக் கடிதங்கள் ஆகியவற்றைப் பொலித்தீன் பையிலிட்டு ஓரிடத்தில் வையுங்கள். ஒவ்வொன்றின் பிரதியையும் நம்பிக்கையான வேறொரு வீட்டிலே வையுங்கள்.

2. சான்றிதழ் தொலைந்திருந்தால் பிறந்த இடத்துக்குரிய பிரதேச செயலகத்தில் பிரதி கேளுங்கள். பதிவே இல்லையானால் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பியுங்கள். பாடசாலை அனுமதிப் பதிவேடு, கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு ஆகியன துணைச் சான்றுகளாகும்.

3. சந்தேகம் எழுந்தால் முதலில் திகதிகளைக் கடதாசியில் எழுதி எண்ணுங்கள். குடும்ப நல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ காட்டுங்கள். பல சந்தேகங்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

4. வழக்குக்குப் பணமில்லாதோர் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தை நாடலாம். தாபரிப்புக்கு நீதவான் நீதிமன்றமும் பிள்ளையின் காவலுக்கு மாவட்ட நீதிமன்றமும் உரியவை.

5. பிள்ளையின் நிலை பற்றிக் கவலையிருந்தால் பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் அல்லது நன்னடத்தை உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1929.

6. முடிவு எதுவாயினும் அதனைப் பிள்ளைக்கு யார் சொல்வது, எந்த வயதில் சொல்வது என்று தாயும் தந்தையும் சேர்ந்து தீர்மானியுங்கள். அயலார் சொல்லி அறிய விடாதீர்கள்.

விதைத்தவன் யார் என்று ஆய்வுகூடம் சொல்லிவிடும். தண்ணீர் மாறிக் கட்டியவன் யார், மழையிலும் வெயிலிலும் வேலி காத்தவன் யார் என்பதை அது சொல்லாது. உழுது வாழும் எமக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. சிறை ஒரு மனிதனின் சில வருடங்களை எடுத்துக்கொண்டது. மிகுதி வருடங்களைச் சண்டையும் சந்தேகமும் எடுத்துக்கொள்ள விடுவதா இல்லையா என்பது அவர் கையிலும், பிள்ளையை வளர்த்தவர்கள் கையிலும் இருக்கிறது.